நான் திக்கிய பக்கங்கள்

நான் நாலு லாரிக்கு முதலாளி. புளியங்குடி எலுமிச்சையைக் கேரளாவுக்கு ஏற்றி, சொந்த உழைப்பில் மேலே வந்தவன். தாசில்தாரிடமே குரல் தாழ்த்தாதவன். அப்பேர்ப்பட்ட என்னை எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் நூலகர், அந்த ஒல்லி மனிதர், நடுங்க வைத்துவிட்டார்.

நூலகத்துக்கு அலமாரி வாங்கிக் கொடுத்தேன் என்று, பிள்ளைகளுக்குப் புதுப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் போட்டார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அது ஊரில் யாருக்கும் தெரியாது.

நூலகர் அட்டையைப் பார்த்துப் புத்தகம் எடுக்கமாட்டார். நடுவில் ஒரு பக்கத்தை விரித்து, யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்பார். முதல் கூட்டத்திலேயே புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"கண்ணாடி கொண்டுவரல" என்றேன்.

தன் கண்ணாடியைக் கழற்றித் தந்தார். "இதப் போட்டுப் பாருங்க அண்ணாச்சி."

போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி ஆரம்பித்தேன். மூன்றாம் வரியில் திக்கி நின்றேன். குழுவில் இருந்த ஹெட்மாஸ்டர் சிரித்தார்.

"என்ன வே முதலாளி, லாரி மேட்டுல நின்னுட்டுதா?"

எனக்கு உயிரே போய்விட்டது.

நூலகர் கண்ணைத் திறக்கவில்லை. "அண்ணாச்சி நிக்கிற இடத்துல பிள்ளையளும் நிக்கும் சார். இது வேண்டாம். அடுத்தத வாசிங்க."

ஐந்து புத்தகத்தில் அப்படி நின்றேன். ஆறாவதில், காணாமல் போன ஆட்டைத் தேடி ஒரு சிறுமி கிணற்றை எட்டிப் பார்க்கிறாள். பக்கம் முடிந்தது தெரியாமல் புரட்டி, மேலே வாசித்துக்கொண்டே போனேன். அதை எடுத்துக்கொண்டார்.

மறு வருஷமும் முதல் புத்தகத்தை என்னிடம்தான் நீட்டினார். என் குட்டு அவருக்குத் தெரியுமா? கடைசிவரை கேட்கத் துணிச்சல் வரவில்லை, நாலு லாரி முதலாளிக்கு.