கடனுக்கு வாங்காத வெள்ளி ரூபாய்

என் வீட்டுக்காரர் அல்லா பிச்சைக்கு அய்யம்பேட்டையில் வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், காதுகுத்து, கந்தூரி எதுவானாலும் அண்டாவும் தேக்சாவும் ஜமுக்காளமும் எங்கள் கடையிலிருந்துதான் போகும். கொடுக்கும்போது எண்ணிக் கொடுப்பார். திரும்பி வரும்போது ஆள் முன்னால் எண்ண மாட்டார். "அவங்க நிக்கும்போதே எண்ணினா சந்தேகப்படுற மாதிரி இருக்கும் நஃபீசா" என்பார். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் எண்ணுவார். கரண்டி குறைந்திருந்தால் அது எங்கள் தலையில். அப்படிப்பட்ட மனுஷர்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை, பழைய காசு. சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிய காலத்தில் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பியதும் ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்களாகப் பார்த்துச் சேர்க்க ஆரம்பித்தார். வருஷ வாரியாகக் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பார். வரிசையில் ஒரே ஒரு வருஷம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த இடத்தை வட்டமாக வெட்டிய ஒரு அட்டையை வைத்து மூடியிருந்தார்.

தியாகேசன் அண்ணன் பழக்கமானது அந்த மேசையில்தான். திருவையாற்றுப் பக்கம் விவசாயம் பண்ணுகிறவர். மகள் கல்யாணத்துக்கு அண்டா பேச வந்தவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரும் காசு சேர்க்கிறவராம். ரெண்டு பேரும் மதியம் வரை பேசினார்கள். அண்டாவைப் பற்றிப் பேசவே இல்லை. மறுநாள் அதற்காகத் தனியாக வந்தார். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம்.

நடுவில் இன்னொன்று நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பயான் பண்ணிய ஹஜ்ரத், தங்கமும் வெள்ளியும் வாங்கினால் பொருளும் பணமும் அதே இடத்தில் அப்போதே கைமாற வேண்டும், கடன் வைக்கக் கூடாது என்று விளக்கினார். இவர் வீட்டுக்கு வந்தார். என் காதைப் பார்த்தார். பாதிப் பணம் பாக்கி வைத்து வாங்கிய ஜிமிக்கி அதில் ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் நான் வெறுங்காதோடு பக்கத்தில் நிற்க, நகைக்கடையில் அதைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் உரக்கச் சிரித்தார். "ஊரே கடன் குடுங்கன்னு கால்ல விழுவுது, பாய் மட்டும் கடன் வேணாங்கிறாரு! கேட்டீங்களா கதையை?" என்று கடையில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். எனக்குக்கூட ஜிமிக்கி போன வருத்தத்தைவிட அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. அதன் பிறகு இந்த விஷயத்தை யாரிடமும் அவர் வாய் திறந்ததில்லை.

இந்தத் தை மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காசு, தபால்தலை சேர்ப்பவர்களின் கண்காட்சி போட்டார்கள். தியாகேசன் அண்ணனும் ஒரு மேசை எடுத்திருந்தார். "பாய், உங்க அட்டைய எடுத்துக் கீழ போட்டுடலாம். அந்த வருஷம் கெடைச்சிருச்சு. வேற யாருக்கும் காட்டாம வச்சிருக்கேன்" என்று போன் பண்ணினார். அன்றைக்கு இவர் அரை வயிற்றுக்குத்தான் சாப்பிட்டார், சந்தோஷத்தில்.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்று எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. எங்கள் மகன் தௌபீக் விடுமுறையில் வந்தபோது போனில் பணம் அனுப்பும் வசதியை ஏற்றிக் கொடுத்திருந்தான். "அத்தா, அவ்வளவு ரொக்கத்தை வச்சுக்கிட்டு டவுன் பஸ்ல ஏறாதீங்க" என்று இப்போது போனில் சொன்னான். இவர் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். நின்ற நிலையிலேயே பணம் போய்ச் சேர்ந்துவிட்டால் குற்றமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் நிம்மதி. அதனால் பஸ் காசை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம்.

மண்டபத்தில் மேசைக்கு மேசை ஸ்கேன் பண்ணும் அட்டை நின்றது. தியாகேசன் அண்ணன் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க பாய், வா தங்கச்சி." மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்தார். இவர் அந்த ரூபாயை உள்ளங்கையில் வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ரொம்பக் கிட்டத்தில் பார்த்தார். விலை கேட்டார். அண்ணன் சொன்னது வெளி விலையைவிடக் குறைவு, எனக்கே தெரிந்தது.

போனை எடுத்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சிவப்பு எழுத்தில் போகவில்லை என்று வந்தது. வாசலில் போய் நின்று பார்த்தார், ரோட்டில் போய் நின்று பார்த்தார். எதிரில் இருந்த ஏடிஎம்மில் பணம் இல்லை. வேர்த்து ஒழுகத் திரும்பி வந்தார்.

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார் அண்ணன். "கொண்டு போங்க பாய். நெல்லு போட்டுட்டு உங்க கடைக்கு வருவேன்ல, அப்பக் குடுங்க." சொல்லிக்கொண்டே பொட்டலத்தை மடித்து இவருடைய சட்டைப் பையில் அவரே வைத்துவிட்டார்.

இவர் சட்டென்று அதை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். கொஞ்சம் வேகமாகவே வைத்துவிட்டார்.

பக்கத்து மேசை மதிவாணன் தபால்தலை, காசு எல்லாம் விற்கிறவர். வாய் சும்மா இருக்காது. "என்ன பாய், பையில தேளா வச்சாரு?" என்றார். நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் இவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. நகைக்கடையில் பார்த்த அதே முகம். மார்க்கத்தில் கூடாது, அதனால் கடன் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே? நாளைக்கு ரொக்கமாகக் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தாலும் போதும். அதுகூட அவருக்குத் தோன்றவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"இல்லண்ணே... இத வேற ஒருத்தர்ட்டக் காட்டி... அசல்தானான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு..."

காசு விற்கிறவரிடம் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. பாத்திரம் வாடகைக்கு விடுகிறவனிடம் உன் அண்டா களவாடியதா என்று கேட்பது மாதிரி.

தியாகேசன் அண்ணன் சின்னத் தராசை நடுவில் இழுத்து வைத்தார். ரூபாயை அதில் வைத்து எடையைக் காட்டினார். பிறகு சுண்டி மேசை மேல் போட்டார். கணீரென்று அது பாடிய சத்தம் நாலு மேசைக்குக் கேட்டது.

"வெள்ளிதான் பாய். கேட்டுச்சா? இன்னொரு தடவ போடவா?"

"அண்ணே, நான் அப்படிச் சொல்லல..."

"பரவால்ல. இது விக்கிறதுக்கு இல்ல" என்று பொட்டலத்தை மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். என்னையும் பார்க்கவில்லை. எனக்கு நிஜம் தெரியும். "அண்ணே, அவரு மார்க்கத்துக்காக யோசிக்கிறாரு" என்று ஒரு வரி நான் சொல்லியிருக்கலாம். ஆம்பளைகள் பேச்சில் நுழையக் கூடாது என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ் நிலையத்துப் பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு இவர் வெளியே வரவே நேரமானது. கண் சிவந்திருந்தது. "ஹராம்லேருந்து தப்பிக்கிறேன்னு பொய்ல போய் விழுந்துட்டேன் நஃபீசா" என்றார்.

அண்ணனுக்குப் போன் பண்ணினார். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் நேரில் போவது என்று மொபெட்டை எடுத்தபோது, "நானும் வர்றேன்" என்று பின்னால் ஏறிக்கொண்டேன். நானும்தானே வாயை மூடிக்கொண்டு நின்றவள்.

வீட்டில் இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் இருக்கிறார் என்றார்கள். அங்கே போனால் களம் பூராவும் நெல் குவியல். தார்ப்பாய் போர்த்தி, காற்றில் பறக்காமல் செங்கல் வைத்து, அவரவர் குவியலுக்குப் பக்கத்தில் அவரவர் காத்துக் கிடந்தார்கள். அண்ணன் தன் குவியலுக்கு மேல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இறங்கினார். வாங்க என்று சொன்னார், சிரிக்கவில்லை.

இவர் எல்லாவற்றையும் சொன்னார். பயான், ஜிமிக்கி, நகைக்கடைச் சிரிப்பு. சொல்லும்போது தார்ப்பாயின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயந்துட்டேண்ணே" என்று முடித்தார்.

அண்ணன் அந்த ஓரத்தை இவர் கையிலிருந்து வாங்கி, மேலே செங்கல்லை வைத்தார். "நான் மலைக்கு மாலை போட்டிருக்கும்போது உங்க கடைக்கு வருவேன். உங்க டம்ளர்ல டீ வேணாம் பாய்னு நானே வாயத் தொறந்து சொல்லல? நீங்க கோச்சுக்கிட்டீங்களா? எனக்குன்னு புது டம்ளர் வாங்கி வச்சீங்க. எனக்கு உங்ககிட்டச் சொல்ல வெக்கமில்ல. உங்களுக்கு எங்கிட்டச் சொல்ல வெக்கமாப் போச்சா?"

கீழே சிந்திக் கிடந்த நெல்லைக் கையால் குவியலோடு சேர்த்துவிட்டு அண்ணனே மேலே பேசினார்.

"சிரிக்கிறவன் வேற ஆளு பாய். என்னையும் அதுல சேத்துட்டீங்களே."

பிறகு நடந்ததையும் சொன்னார். நாங்கள் போன பிறகு அவர் மேசைக்கு வந்தவர்கள் எல்லாம் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். "பாயே சந்தேகப்பட்டாராமே" என்று பாதி விலைக்குக் கேட்டார்களாம். கோபத்தில் அந்த ரூபாயை மதிவாணனுக்கே வந்த விலைக்குக் கொடுத்துவிட்டாராம். "உங்களுக்குன்னு வச்சிருந்தத அவன்கிட்டக் குடுத்தேன். அதுவும் எனக்கு அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா காசு போனா போவுது. தியாகேசன்கிட்ட டூப்ளிகேட் இருக்குங்கிற பேச்சு நிக்குதே, அத என்ன பண்றது?"

இவர் போனை எடுத்தார். காசு சேர்ப்பவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இவருக்கு வேகமாக எழுத வராது, பேசித்தான் அனுப்புவார். நெல் குவியலுக்கு முன்னால் நின்றபடி போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். முதல் தடவை ஸலாம் சொல்லிவிட்டு நின்றுவிட்டார். அழித்தார். ரெண்டாவது தடவை பெயரைத் தாண்டவில்லை. அழித்தார்.

"போதும் பாய், விடுங்க" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. எத்தனை பேரு கேக்க அதச் சொன்னேனோ அத்தனை பேரு கேக்க இதையும் சொல்லணும்."

மூன்றாவது தடவை சொன்னார். "நான் அய்யம்பேட்டை அல்லா பிச்சை பேசுறேன். தியாகேசன் அண்ணன் காட்டுன ரூபாய் அசல். பார்த்த உடனே எனக்குத் தெரியும். வெள்ளியக் கடனுக்கு வாங்குறது எங்க மார்க்கத்துல கூடாது. அதச் சொன்னா சிரிப்பீங்கன்னு வெக்கப்பட்டுக்கிட்டு அவரு பொருள் மேல பழி போட்டேன். நான் சொன்னது பொய். அவருகிட்ட நம்பி வாங்குங்க." கையை எடுத்தார். செய்தி போய்விட்டது. போனை ஏதோ சுடுகிற பொருள் மாதிரி என்னிடம் நீட்டினார்.

பதில்கள் வர ஆரம்பித்தன. நான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன். சிலர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். சிலர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். அவர் பயந்தது வந்தே விட்டது. மதிவாணன் வாயாலேயே பேசி அனுப்பியிருந்தார். "பாய், அந்த ரூபாய் இப்ப எங்கிட்டதான் இருக்கு. அண்ணன் சொன்ன விலையைவிட டபுள். உங்களுக்கு ரொக்கம் மட்டும்!"

தியாகேசன் அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "திருட்டுப் பய!" எனக்கும் சிரிப்பு வந்தது. இவருக்கு வரவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே நின்றார்.

அந்த நேரத்தில் தராசுப் பக்கமிருந்து அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவருடைய முறை வந்துவிட்டது. அண்ணன் அவசரமாகத் தார்ப்பாயை இழுத்தார். இவர் மறு ஓரத்தைப் பிடித்துச் சேர்த்து மடித்தார். பிறகு வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, சாக்கின் வாயை விரித்துப் பிடித்து உட்கார்ந்தார்.

அண்ணன் கூடையில் அள்ளி அதில் கொட்டினார். "நல்லா விரிச்சுப் பிடிங்க பாய், வெளிய சிந்துது" என்று ஒரு அதட்டல் போட்டார்.

"பிடிக்கிறேண்ணே" என்றார் இவர். நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்க்க அவரால் இன்னும் முடியவில்லை.