தண்ணி கேஸ்

அவர் கிரேன் ஓட்டுபவர். கட்டிக்கொண்டிருக்கும் மாடிகளுக்கும் மேலே, ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டுதான் அவருடைய வேலையிடம். காலையில் ஏணி பிடித்து ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கீழே நின்று சைகை காட்டும் கூட்டாளியை எல்லோரும் ‘விசில்’ என்று கூப்பிடுவார்கள். விசில் கை தூக்கினால் இரும்பு மேலே ஏறும். கை மடக்கினால் அப்படியே நிற்கும். இருவருக்கும் அவ்வளவு பொருத்தம்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில் பைக் மணலில் சறுக்கியது. தலை தரையில் மோதியது. எடுத்த ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். சில நாள் வீட்டில் படுத்திருந்தார். காயம் ஆறியது. அப்புறம்தான் தாகம் வந்தது.

சும்மா வரும் தாகம் இல்லை. சொம்பு சொம்பாகக் குடித்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குடித்தது உடனே வெளியே போனது, குழாய்த் தண்ணீர் போல நிறமே இல்லாமல். தூக்கம் கெட்டது. கண் குழிவிழுந்தது.

“சக்கரையாத்தான் இருக்கும், போய்ப் பாத்துட்டு வாங்க” என்றாள் மனைவி. அவள் ஒரு சலவைக் கடையில் துணி தேய்ப்பவள்.

தெருமுனை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை. “பழக்கமாயிடுச்சு. தண்ணியைக் கொறைங்க” என்று அனுப்பிவிட்டார்.

கூண்டுக்குள் இரண்டு கேன் தண்ணீரும் காலி பாட்டில்களும் ஏறின. ஒன்றுக்குப் போக அடிக்கடி இறங்க முடியாது; பாட்டில்கள் அதற்குத்தான் என்று விசிலுக்கு மட்டும் தெரியும். ஒரு மதியம், கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கும்போது அவர் லிவரை விட்டுவிட்டுக் கேனைத் தேடினார். கட்டு ஆடிப்போய்ச் சாரத்தில் இடித்தது. நல்லவேளை, யாருக்கும் அடி படவில்லை.

சூப்பர்வைசர் அவரைக் கீழே இறக்கினார். “என்னய்யா ஆச்சு உனக்கு?”

“தண்ணி இல்லாம என்னால இருக்க முடியல சார்.”

அந்த வார்த்தையை அவர் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அவர் ‘தண்ணி கேஸ்’ ஆகிவிட்டார். “அவர் குடிக்கிறது பச்சத் தண்ணிதான்யா!” என்று விசில் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் கூண்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

பேச்சு வீடுவரை வந்தது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து மனைவி அவருடைய கேனைத் திறந்து மோந்து பார்த்தாள். துண்டெடுக்கத் திரும்பி வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் அவளே, “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க” என்றாள்.

அங்கே ஹார்மோன் பிரிவு டாக்டரம்மா ஒரு பரிசோதனை வைத்தார். குழாய் இல்லாத அறை. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அடிக்கடி எடை பார்த்தார்கள், சிறுநீரையும் ரத்தத்தையும் எடுத்தார்கள். உடம்பில் நீர் வற்ற வற்ற, சிறுநீர் மட்டும் ஓயவில்லை. அவர் நர்சின் காலில் விழப் போனார். முகம் துடைக்கக் கொடுத்த ஈரத் துணியை வாயில் திணித்துச் சப்பினார். வாசலில் நின்ற மனைவி அதைக் கண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஒரு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சிறுநீர் போவது அடங்கியது.

“மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு. அங்கேருந்து வர்ற ஹார்மோன்தான் கிட்னிகிட்ட தண்ணியப் பிடிச்சு வைன்னு சொல்லும். விழுந்ததுல அந்த வழி அடிபட்டிருக்கு. இந்த நோய்க்குப் பேர்லதான் டயாபடீஸ்னு வரும், சக்கரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதினார். “ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. மாத்திரை போட்டுட்டு, தாகம் இல்லாம குடிக்காதீங்க. ரத்தத்துல உப்பு கொறைஞ்சு வலிப்பே வந்துரும்.”

தாகம் நின்றது. விசில் நாலு பேரிடம் பேசி, டாக்டர் சீட்டைக் காட்டி, சூப்பர்வைசரைச் சம்மதிக்க வைத்தார். மறுபடி கிரேன் ஏற நாளும் குறித்தாயிற்று. ஆனால் பயம் விடவில்லை. மேலே போய் மறுபடி நாக்கு வறண்டால்? அந்தக் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, தாகமே இல்லாமல் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டார்.

“போதுங்க!”

“ஒரு தைரியத்துக்குத்தான்மா.”

சட்டைப் பொத்தானைப் போடும்போதே பேச்சு குழறியது. வலிப்பு வந்து விழுந்தார்.

உயிர் பிழைத்தார். வலிப்பு வந்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதில் தப்பு சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. கேட்டில் லாரிகளைத் திறந்துவிடும் வேலை கிடைத்தது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். ஆளைத் தண்ணீர் இல்லாமல் அடைத்துவைப்பதற்குப் பதிலாக, நரம்பில் உப்பு நீர் ஏற்றி, அந்த ஹார்மோனோடு சேர்ந்து வரும் ஒரு துணுக்கை ரத்தத்தில் அளந்து நோயைக் கண்டுபிடிக்கும் முறை பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கெனவே நோய் உறுதியானவர்களும் வேண்டும், அவர் வருவாரா?

“தாகம் எடுக்கும். ஆனா சீக்கிரம் முடிஞ்சிரும். உங்களுக்கு இதுல ஒரு லாபமும் இல்ல.”

மனைவி அவர் கையைப் பிடித்தாள். “வேணாங்க. பட்டது போதாதா?”

“அந்த ரூம்ல இன்னொருத்தன் உக்காரக் கூடாது” என்றார்.

ஒத்துக்கொண்டார். உப்பு நீர் ஏற ஏறப் பழைய தாகம் அப்படியே திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார், எதையும் கேட்கவில்லை. முடிந்ததும் நர்ஸ் கொடுத்த தம்ளரை வாங்கி அவசரமாகக் கவிழ்த்ததில் பாதி சட்டையில் கொட்டியது. மனைவி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

ஆய்வின் முடிவை அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. கட்டடம் முடிந்து கிரேனைக் கழற்றி எடுத்துப் போனார்கள். கேட்டைத் திறந்துவிட்டவர் அவர்தான்.