மடிந்து விழுந்த முளைப்பாரி

செல்வங்களே, உங்கள் அத்தைக்கு, என் அக்காவுக்கு, ஏன் கல்யாணமாகவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? சொல்கிறேன்.

மாரியம்மன் பண்டிகைக்கு அவள் உள்ளறையில் முளைப்பாரி வளர்த்தாள். இருட்டில்தான் முளை உயரும் என்று நம்பி, வெளிச்சம் வந்த ஓட்டு இடுக்கையெல்லாம் சாக்குத்துணியால் அடைத்தாள். முளை வெளிறி முழ உயரம் வளர்ந்தது. கோயில் வாசலில் அத்தனையும் மடிந்து விழுந்தது.

அவளைப் பெண் கேட்டிருந்த அம்மாள் எல்லார் எதிரிலும், "முளையே நிக்கலீங்க, இவ வவுத்துல புள்ள மட்டும் நிக்குமுங்களா?" என்று கேட்டு, முளையைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டாள். சம்பந்தம் முறிந்தது. அதன்பின், கைராசி இல்லாதவள் என்று விதைப்புக்கும் அத்தையை யாரும் அழைக்கவில்லை.

அதே கோயில் வாசலில், ஓடு உடைந்த பக்கத்து வீட்டில் வளர்ந்த முளை குட்டையாய், பச்சையாய், நிமிர்ந்து நின்றதை நான் பார்த்தேன். இப்போது நம் வீட்டு முளைக்கு நானே தினமும் வெளிச்சம் காட்டுகிறேன்.

முளை மடிந்த அன்று எல்லாரும் பூசைக்குப் போனதும், தனியாக நம் வீட்டுக் கூரை ஏறி அந்தச் சாக்குத்துணிகளைப் பிடுங்கி எறிந்தேன்.