என் ஜமக்காளத்தில் யார் உட்கார்ந்தார்கள்

காலையில் எழுந்ததும் நீங்களெல்லாம் வாசல் தெளிப்பீர்கள். நான் முதலில் ஜமக்காளத்தைத் தொட்டுப் பார்ப்பேன். இங்கே மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கதவிடுக்கு, கூரை இடுக்கு, எதையும் விடாது. சுருட்டி வைத்த ஜமக்காளத்துக்குள் கையை விட்டால், யாரோ இப்போதுதான் தண்ணீர் தெளித்துவிட்டுப் போன மாதிரி சில்லென்றிருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அடுப்புப் பற்றவைப்பேன். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிப் போனவர்கள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். படிக்கும்போதே எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் கப்பல் ஏறவில்லை. பேளுக்குறிச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் நின்று அண்ணாந்தால் தெரிகிற கொல்லிமலைக்கு, ஒரு பகல் பொழுது நடந்து ஏறி வந்தேன். அவ்வளவுதான். சிரிக்காதீர்கள். கடல் தாண்டியவர்களாவது கடிதத்தில் தூரத்தைச் சொல்லி அனுதாபம் வாங்கலாம்; எனக்கு அதுவும் கிடையாது.

எங்கள் வீட்டுக்காரருக்கு அம்மை குத்தும் உத்தியோகம். வேக்சினேட்டர் என்பார்கள். இந்த மலைமேல் வளப்பூர் நாட்டுச் சிற்றூர்களுக்கெல்லாம் போய்க் குழந்தைகளின் கையில் ஊசியால் கீற வேண்டும். கல்யாணமான கையோடு அவரை இங்கே மாற்றிவிட்டார்கள். சீராக வந்த பித்தளைப் பாத்திரங்களைச் சுமைகாரர்கள் பாதி வழியிலேயே கனம் என்று முணுமுணுத்ததால் அடிவாரத்திலேயே விட்டுவிட்டோம். ஜமக்காளத்தை மட்டும் நான் விடவில்லை. அவர் தோளில் ஏற்றிவிட்டேன்.

ஏனென்றால் அது நானே தேர்ந்தெடுத்தது. பவானியில் தறிக்காரர் வீட்டிலேயே போய் வாங்கினோம். அண்ணன் சிவப்பும் பச்சையுமாகப் பட்டைபட்டையாக ஓடுகிற ஒன்றைக் காட்டி, "இதுதான் எல்லா ஊட்லயும் இருக்குது" என்றான். எல்லா வீட்டிலும் இருப்பது எனக்கு எதற்கு? மூலையில் ஒன்று கிடந்தது. கருநீலத் தரையில் வெள்ளை வைரக்கட்டம், கட்டத்துக்குள் கட்டம், ஓரத்தில் பல் பல்லாகச் சிவப்பு. அகல ஜமக்காளத்தை இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். ஒருவர் தள்ளும் நூல் சுற்றிய நாடாக்கட்டையை மற்றவர் வாங்குவார். இருவர் கையும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் வைரத்தின் முனை விலகிவிடும். நான் அதை இரண்டாக மடித்து முனைக்கு முனை வைத்துப் பார்த்தேன். விலகவில்லை. திருப்பிப் பார்த்தேன், முன்பக்கம் போலவே பின்பக்கமும் சுத்தமாக இருந்தது. முந்தானை நுனியை நனைத்து நீலத்தில் தேய்த்தேன், சாயம் ஒட்டவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன், ஓட்டை தெரியவில்லை. தறிக்காரர் அண்ணனைப் பார்த்து, "ஏனுங்க, பொண்ணு என்னையவே பரிச்சைக்கு உக்காத்தி வெக்குதுங்களே!" என்றார். வாங்கப் போகிறவர்கள் இத்தனையும் பாருங்கள். வெட்கப்படாதீர்கள்.

கீழே இருந்தால் அதைப் பராமரிப்பது ஒரு வேலையே இல்லை. மாதம் ஒருமுறை கொடியில் போட்டுப் பின்பக்கமாகத் தட்டினால் தூசு போய்விடும். சாயம் வெளுக்காமல் இருக்க, வெயிலில் பின்பக்கத்தைக் காட்ட வேண்டும். மடிக்கக் கூடாது, சுருட்ட வேண்டும். உள்ளே வேப்பிலையும் வசம்பும் போட வேண்டும். இங்கே வெயிலே விருந்தாளி. வந்தால் ஓடிப்போய் விரிக்க வேண்டும், போனால் ஓடிப்போய் எடுக்க வேண்டும். பலாப்பழக் காலத்தில் அதன் பக்கத்தில் யாரும் பழம் அறுக்க நான் விட்டதில்லை. அந்தப் பால் பட்டால் எண்ணெய் போட்டுத்தான் எடுக்க வேண்டும், எண்ணெய்க் கறையை எடுக்க இன்னொன்று. இத்தனை செய்தும் என்ன பயன்? மூன்று வருஷமாக அதில் ஒருத்தி உட்காரவில்லை.

பொய் சொல்லவில்லை. பெண்கள் வருவார்கள். நான் அவசரமாக ஜமக்காளத்தை விரித்து, ஒதுங்கி நின்று, "உக்காருங்க" என்பேன். எங்கள் பக்கத்தில் அதுதானே மரியாதை? வந்தவர் உட்காராமல் வீட்டுக்காரி உட்காருவாளா? அவர்கள் ஜமக்காளத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். "இருக்கட்டும் அம்மணி" என்று நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கே? நேராக அடுத்த வீட்டு வெள்ளச்சியிடம்.

வெள்ளச்சிக்கு என் வயதுதான். சாமைக் காடும் நாலு மிளகுக் கொடியும் வைத்திருக்கிறவள். அவள் வீட்டில் கிடந்தது ஓரம் பிய்ந்த ஒரு கோரைப்பாய். அதில்தான் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எங்கள் சமையலறை வரை கேட்கும். என் வயிறு எரியும். போதாததற்கு எங்கள் வீட்டுக்காரரும் அம்மை குத்த அங்கேதான் போய் உட்காருவார். குழந்தைகளைத் தாய்மார் அங்கேதான் கொண்டுவருகிறார்களாம். ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்தேன். வந்தவர்களை நிற்கவைத்துவிட்டு அவள் முதலில் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அட, மரியாதை தெரியாதவளே! இவளிடம் போய் எப்படி மயங்குகிறார்கள்? அன்று அவருக்குச் சோறு போடும்போது கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

போன கார்த்திகையில் வெள்ளச்சி வந்தாள். வாசலிலேயே நின்று, "அம்மணி, என்ற தம்பிக்குக் கல்யாணமுங்க. பொண்ணு ஊட்டுப் பெரியவங்கள உக்காத்தி வெக்கோணும். உன்ற விரிப்பக் குடுத்தியன்னா நல்லாருக்கும்" என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! என் வீட்டில் உட்காராதவர்கள் அவள் வீட்டில் என் ஜமக்காளத்தில் உட்காருவார்களாம். "அடடா, நேத்துத்தான தொவச்சுப் போட்டேன். சொட்டச் சொட்ட ஈரம்" என்றேன். அவள் போன பிறகு பயம் பிடித்துக்கொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? காய்ந்து கிடந்த ஜமக்காளத்தை எடுத்துப்போய் ஓடைத் தண்ணீரில் அமுக்கினேன். சொன்ன பொய்யை உண்மையாக்க வேறு வழி தெரியவில்லை. தண்ணீரை உறிஞ்சியதும் அது என்னைவிடக் கனத்துப்போயிற்று. இழுத்து இழுத்து வீடு சேர்ப்பதற்குள் முழங்கை சிராய்த்துவிட்டது.

அப்புறம் வெயில் வரவே இல்லை. ஒருநாள், இரண்டு நாள், நான்கு நாள். திண்டாடிப்போனேன். ஐந்தாம் நாள் வெள்ளை வைரங்களில் கடுகு கடுகாகக் கருப்புப் புள்ளி விழுந்தது. பக்கத்தில் போனாலே பூஞ்சை வாடை. அதைக் கட்டிக்கொண்டு அழாத குறை. அப்போது பார்த்து வெள்ளச்சி இன்னும் இரண்டு பெண்களோடு வந்து நின்றாள்.

"இன்னுமா காயல? இப்படியே வெச்சா மக்கிப்போயிரும் அம்மணி. குடு இங்க."

என்னைக் கேட்டுக்கொண்டெல்லாம் நிற்கவில்லை. மூன்று பேரும் தூக்கிப்போய் அவள் வீட்டு அடுப்புக்கு மேலே, பரணில் விரித்துப் போட்டார்கள். கேழ்வரகும் மிளகும் காய்கிற இடம். காலையும் மாலையும் புரட்டினார்கள். புள்ளி விழுந்த இடத்தில் எலுமிச்சையும் உப்பும் தேய்த்தார்கள். நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றி வரவில்லையா என்று கேட்காதீர்கள். என் ஜமக்காளம்கூட அவளிடம் போனதும் தேறுகிறதே என்றுதான் எரிச்சலாக இருந்தது. ஒன்பதாம் நாள் அது காய்ந்தது. நீலம் கொஞ்சம் மங்கி, வெள்ளை பழுத்து, புகை வாசனையோடு.

காய்ந்ததைத் திருப்பிக் கேட்க எனக்கு முகமில்லை; கல்யாணத்தன்று பந்தலில் அதையே விரித்தார்கள். பெண் வீட்டுப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. என்னுடையது என்று தெரிந்துவிட்டது, அதனால்தான் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று நினைத்தேன்.

"உக்காரு அம்மணி" என்றாள் வெள்ளச்சி.

"நானா? வந்தவங்க உக்காரட்டும்."

"விரிப்பு உன்றது. நீ உக்காராம அவுங்க எப்படி உக்காருவாங்க? அடியில பூரான் கெடந்தா? தேள் கெடந்தா? உடையவ மொதல்ல உக்காந்து, ஒண்ணுமில்லன்னு காட்டுனாத்தான மத்தவங்களுக்கு நம்பிக்கை?"

அதோடு அவள் விடவில்லை. "உன்ற ஊட்டுக்கு எத்தன தடவ வந்திருக்கறோம்? விரிச்சுப் போட்டுட்டு செவுத்தோரம் போயி நின்னுக்குவ. உக்கார வேண்டாம்னு நெனைக்கறாப்பல இருக்குதுன்னு நாங்களும் வந்துருவோம். ஆசையாத்தான் இருக்கும், அந்தக் கட்டத்தப் பாத்தா."

உட்கார்ந்தேன். யோசித்துப் பாருங்கள், அழுக்காகிவிடும் என்று அதுவரை நானே அதில் உட்கார்ந்ததில்லை; அன்றுதான் முதல் தடவை. நான் உட்கார்ந்த மறுகணம் பெரியவர்கள் சுற்றிலும் அமர்ந்தார்கள். ஒரு கிழவர் வைரக்கட்டத்தை விரலால் அளந்து பார்த்து, நல்ல நெசவு என்றார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னால், "ஆமா, அது உனக்குத் தெரியாதா? எனக்கு வந்த மாசமே தெரியுமே" என்கிறார். மூன்று வருஷம் வாயைத் திறக்காத மனுஷன்! "நீ கேக்கவே இல்லியே" என்றார். அவரை என்ன செய்வது, சொல்லுங்கள். அதன் பிறகு பெண்கள் என் வீட்டுக்கும் வந்தார்கள். நான் உட்காருவேன், அவர்களும் உட்காருவார்கள். ஆனால் வெள்ளச்சியும் வந்துவிட்டால் எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பிவிடும். அது எனக்கு இன்னும் பொறுக்கத்தான் இல்லை. ஜமக்காளத்தை நானே நனைத்ததை அவளிடம் இதுவரை சொல்லவும் இல்லை.

மார்கழிக் கடைசியில் அண்ணன் வந்து பொங்கலுக்குக் கூட்டிப்போனான். பூட்டிய வீட்டில் போட்டால் மறுபடி பூஞ்சை பிடிக்கும் என்று ஜமக்காளத்தை வெள்ளச்சியிடம் விட்டுவிட்டுப் போனேன். கீழே போனால், நங்கை — அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம் — புது ஜமக்காளம் வாங்கி வைத்திருந்தாள். வைரக்கட்டமேதான். என்னுடையதைவிட அகலம். விரித்த உடனே ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். குறை சொல்ல ஒரு நூல்கூட இல்லை.

"உக்காரு கண்ணு" என்று சொல்லிவிட்டு அவள் ஒதுங்கி நின்றாள். நானும் நின்றேன். அவள் உட்காரட்டும் என்று கால் தானாகக் காத்திருந்தது.

"ஏன் நிக்கற? எங்க ஜமக்காளம் உனக்கு ஆகாதா?"

"நீ மொதல்ல உக்காரு நங்கை."

அவள் முகம் சுண்டிவிட்டது. "வந்த நாத்தனார நிக்க வெச்சுட்டு நான் உக்காந்தா, பாக்கறவங்க என்னைய என்ன சொல்லுவாங்க?"

இரண்டு பேரும் நின்றோம். நடுவில் அந்தப் புது ஜமக்காளம் ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது. எனக்கோ மலையில் கிடக்கும் என்னுடையதுமேல் நினைப்பு. மலையைவிட்டுப் புறப்படும்போது வெள்ளச்சியிடம் கேட்டிருந்தேன், நான் இல்லாதபோது விரித்தால் அதில் யார் முதலில் உட்காருவார்கள் என்று. "நீ வர்ற வரைக்கும் உனக்குப் பதிலா நான் உக்காந்துக்கறேன் அம்மணி" என்றாள். இந்நேரம் உட்கார்ந்திருப்பாள். சுற்றிலும் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் பிறந்து வளர்ந்த வீட்டில், உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டு, அவளை நினைத்து வயிறெரிந்தேன்.