புள்ளிக்குப் பின்னால் நான்கு எண்கள்

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கோணலாக வரும், சொன்னதையே திரும்பச் சொல்வேன், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் முதல் பிள்ளை பிறந்த சில நாளிலேயே இறந்தது. பெண் குழந்தை. அப்போது பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில், ஆற்றோர லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். தோட்டத்து இடுகாட்டிலேயே புதைத்தார்கள். பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. நான் பச்சை உடம்புக்காரி வேறு. வீட்டுக்காரரும் என் தம்பியும்தான் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். பிறகு தோட்டம் கைமாறியது, பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், நாங்கள் ஈப்போவில் சிலிபினுக்கு வந்துவிட்டோம். அந்த இடத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்த்த இருவரில் வீட்டுக்காரர் இப்போது இல்லை.

இந்த வருஷம் அங்கே வீடுகள் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. குழிகளைத் தோண்டி வேறு இடத்துக்கு மாற்றுவார்களாம். மாதக் கடைசிக்குள் யாரும் வந்து காட்டாத குழிகளில் இருப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் புதைத்துவிடுவார்களாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு வடிக்கும்போதே வாசலுக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன்.

பீடோரில் இருக்கும் தம்பி எனக்கும் என் மகனுக்கும் முன்பே போய் இடத்தைப் பார்த்து வந்தான். அங்கே நிலம் அளந்துகொண்டிருந்தவர் தன் கருவியைப் பார்த்து அந்த இடத்துக்கு உண்டான எண்களைச் சொல்லியிருக்கிறார். அதைக் கைப்பேசியில் போட்டால் அதுவே வழி காட்டுமாம். தம்பிக்கு அலைந்ததில் காலில் சர்க்கரைப் புண் வந்து, எங்களோடு வர முடியவில்லை. போனில்தான் சொன்னான், நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

முதல் எண் 4.1148. புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண்ணுக்கு மேல் நான் எங்கே கண்டேன்? கடை ரசீதில் இரண்டு, கரண்டு பில்லில் இரண்டு. மிச்சம் பாதிக்கு மேல் என்றால் ஒன்று கூட்டு, குறைந்தால் விட்டுவிடு என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தது மட்டும் மறக்கவில்லை. 48 பாதிக்குக் கீழே. அதனால் 4.11. இரண்டாவது எண்ணையும் அப்படியே கிட்டிய மதிப்புக்குக் கொண்டுவந்து, வேறு தாளில் அழகாக எழுதிக்கொண்டு, முதல் தாளைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் நான் படித்துச் சொல்ல, மகன் கைப்பேசியில் போட்டான். மகன் ஓட்ட, செம்மண் பாதையில் காடி குலுங்கிக் குலுங்கிப் போனது. வந்து சேர்ந்துவிட்டோம் என்று கைப்பேசி சொன்ன இடத்தில் இறங்கினால், எந்தப் பக்கமும் செம்பனை. ஒரு வாய்க்கால், வெட்டிப் போட்ட மட்டைகள், வேறு ஒன்றும் இல்லை.

"அம்மா, இங்க ஒண்ணுமே இல்லையே."

"இருக்கும்லா. மட்டைக்கு அடியில பாரு."

நானே குனிந்து மட்டைகளைப் புரட்டினேன். கையில் முள் ஏறியது. அதற்குள் தோண்டி எடுத்துவிட்டார்களோ என்று பயந்து இன்னும் வேகமாகப் புரட்டினேன். மகன் தன் மாமனைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தான்.

"என்ன நம்பர் போட்டே, படி," என்றான் தம்பி.

மகன் படித்தான்.

"மிச்சம் எங்க? புள்ளிக்கு அப்புறம் நாலு நம்பர்லா சொன்னேன்."

"கடைசி ரெண்டும் சின்னதுதானே தம்பி," என்றேன். "கிட்டத்துக்குச் சரியா எழுதிட்டேன்."

"அக்கா, நீ என்ன மீன் கடையில சில்லறையா வாங்குறே? நீ விட்ட சின்னதுல அரை மைலு போயிருச்சு. பேசாம காடியில ஏறு."

மகனுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "கணக்குக்கு முழு மார்க்கும்மா. இடம்தான் வேற."

தம்பி மறுபடி சொன்ன எண்களை முழுசாகப் போட்டுக்கொண்டு போனோம். ஒரு மேட்டைத் தாண்டியதும் இடுகாடு தெரிந்தது. சில சிமெண்டுக் கல்லறைகள், ஆளுயரப் புல், அடையாளம் காட்டிய குழிகளில் சிவப்பு நாடா கட்டிய குச்சிகள். கைப்பேசி எங்களை வேலி ஓரமாக ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே மூன்று சின்ன மண்மேடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கல் இல்லை, பேர் இல்லை.

"மாமா, மூணு இருக்கு. எது?"

"அன்னிக்கு நாங்க வைக்கும்போது இந்த மூலையில நம்ம குழி ஒண்ணுதான் இருந்துச்சு," என்றான் தம்பி. "போன வாரம் எனக்கும் சந்தேகம்தான். சொன்னா நீ தூங்க மாட்டேன்னு சொல்லல. இதுக்கு மேல கேட்டா நான் பொய்தான் சொல்லணும் அக்கா."

இன்னும் ஓர் எண் சேர்த்தால் தெரியுமா என்று மகனைக் கேட்டேன். "எத்தனை நம்பர் போட்டாலும் இந்த போனு பத்துப் பதினஞ்சு அடி முன்ன பின்னதான் காட்டும்மா," என்றான்.

குச்சி நடுகிற ஆள் வந்தார். "எதும்மா உங்களுது?"

இப்படிப்பட்ட நேரத்தில் மகன் முதுகுக்குப் பின்னால் நிற்பதுதான் என் பழக்கம். அன்றைக்கு என்னவோ, நானே முன்னால் வந்துவிட்டேன்.

"மூணும்."

"மூணு பிள்ளையாம்மா?"

"மூணுக்கும் கட்டுங்க."

அவர் மகனைப் பார்த்தார். மகன் தலையாட்டினான். மூன்று குச்சியிலும் என் பேரை எழுதி நட்டார்.

வீட்டுக்கு வந்தும் தூக்கமில்லை. மூன்றில் இரண்டு வேறு தாய்மார் பெற்றவை. அவர்கள் வந்து, குச்சியில் என் பேரைப் பார்த்து, தங்கள் பிள்ளை இங்கே இல்லை என்று திரும்பிப் போய்விட்டால்? அந்தத் தோட்டத்தில் ஆற்றோர லயங்களில் இருந்தவர்கள், வேலி மூலையில் கைக்குழந்தையைப் புதைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மாதக் கடைசிக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். எது முதலில் தோண்டியது, எது பிறகு வந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் எழுதியதில் எது தப்பானாலும் திருத்துங்கள். மூன்றில் ஒன்றுகூட என்னுடையது இல்லை என்றாலும், அதையும் சொல்லிவிடுங்கள்.