சிக்னி கேட்ட பச்சை வண்டி

அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில், பனிக்காலத்தில் எந்த வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தாலும் மார்லிஸுக்குத்தான் போன் வரும். இழுவை வண்டி ஓட்ட ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம். புருஷன் பிரிந்துபோன பிறகு மகளை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள். ஆறடி உயரம், ஊரைக் கூட்டும் சிரிப்பு. விழுந்தவர்களுக்குச் சூடாகக் காப்பி ஊற்றிக் கொடுத்து, கூடவே நாலு திட்டும் கொடுத்துவிட்டுத்தான் சங்கிலியை எடுப்பாள்.

எதற்கும் அசராத அவளை, பதினாறு வயது மகள் சிக்னி லைசென்ஸ் வாங்கிய வாரமே அசைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆர்வில் விற்கப்போகிற பழைய பச்சை பிக்கப் வண்டிதான் வேண்டுமாம்.

"அதுவா? பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. ஐஸைக் கண்டா பம்பரமாச் சுத்தும். உங்க அத்தையோட பழுப்புக் கார் சும்மாதானே நிக்குது, அதை எடுத்துக்கோ."

"அது கிழவிங்க சர்ச்சுக்குப் போற காரும்மா."

"போயிட்டு உசுரோட திரும்பி வர்ற கார்."

சிக்னி விடவில்லை. ஒரு வாரம் நச்சரித்தாள். கடைசியில் மார்லிஸ் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"போன வருஷம் அதே மாதிரி வண்டியிலேருந்து ஒரு பொண்ணை வெளியே எடுத்தோம். ஸ்டியரிங்கைப் பிடிச்ச கையை விடவே மாட்டேன்னுட்டா. பிழைச்சுட்டா. ஆனா அந்தக் கை இன்னும் என் கண்ணுலயே நிக்குதுடி. உன் வயசுதான் அவளுக்கும்."



சனிக்கிழமை காலை வாசலில் ஹாரன் அடித்தது. சிக்னி ஆர்விலிடம் வண்டியை இரவல் கேட்டு ஓட்டி வந்திருந்தாள். பின்சக்கரம் வழுக்காமலிருக்க, பின்னால் திறந்த தட்டில், அச்சுக்கு நேர் மேலே, ஆறு மணல் மூட்டைகளை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"அரை மணி நேரம் பக்கத்துல உக்காரும்மா. அப்புறமும் வேணாம்னா, சர்ச் கார்தான்."

வண்டியைத் தாங்குமளவுக்குக் கெட்டியாக உறைந்த ஏரிமேல் ஓட்டிப்போனாள். ஆளில்லாத பக்கமாகப் போய், வேண்டுமென்றே வண்டியைச் சறுக்கவிட்டாள். மார்லிஸின் கால், தன் பக்கம் இல்லாத பிரேக்கைத் தரையில் தேடி மிதித்தது. சிக்னி பிரேக்கைத் தொடாமல், சறுக்குகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கினாள். மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை தவறிப்போய், வண்டி பனிமேட்டில் மூக்கைக் குத்தி நின்றது.

மார்லிஸ் வாயைத் திறப்பதற்குள் மகள் இறங்கி, மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றித் தோண்டி, கொஞ்சம் மணலைத் தூவி, முன்னும் பின்னுமாக ஆட்டி வண்டியை வெளியே எடுத்துவிட்டாள்.

"யாருடி உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

"நீதான். 'மணல் மூட்டை போடல, மடையன் பிரேக்கை மிதிச்சான்'னு தினம் ஒருத்தனைத் திட்டுவியே. பக்கத்து சீட்டுல நான் தூங்கிட்டேன்னு நெனச்சியா?"

மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு சக்கரத்துக்கும் பனியில வழுக்காத புது டயர் போடணும். பனி உருகுற வரைக்கும் சிநேகிதிங்க யாரும் ஏறக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!"

அன்று மத்தியானமே மார்லிஸ் பிக்கப்புக்கு அடியில் படுத்து ஒரு மணி நேரம் துரு தேடினாள். "வாங்கப்போறியா, பிரேதப் பரிசோதனையா?" என்றார் ஆர்வில்.

புது டயர் மாட்டிய மறுநாள் சிக்னி தனியாகப் பள்ளிக்கூடம் போனாள். போய் இறங்கியதும் போன் செய்தாள்.

"அம்மா, வழியெல்லாம் பின்னாடியே வந்தது நீதானே? அடுத்த தடவை இழுவை வண்டி மேல சுத்துற மஞ்சள் லைட்டையாவது அணைச்சுட்டு வா. மானம் போகுது!"