வாசக்காலுக்கு அடியில் புலி

தொண்ணூற்றொன்றில் நாங்கள் வீடு கட்டினோம். வீடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கூடம், ஒரு சமையலறை, மேலே ஓடு. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இறங்கி ஏரிக்கரையோடு நடந்தால் எங்கள் ஊர். இன்றைக்குக் கார் ஏற்றிப்போகிற நீள லாரிகள் திரும்புகிற இடத்தில்தான் அப்போது நான் மாட்டுவண்டியை நிறுத்திவிட்டு பீடி பிடிப்பேன். இடது பக்கத்து மாட்டுக்கு லாரி ஹாரன் ஆகாது. ஹாரன் கேட்டால் அப்படியே உட்கார்ந்துவிடும். செங்கல் பாரத்தோடு நடுரோட்டில் உட்கார்ந்த மாட்டை எழுப்ப ஒருமுறை பஸ் கண்டக்டரே இறங்கி வந்து வாலைப் பிடித்தார். ஆனால் அந்த மாடு இந்த விஷயத்தில் வராது. நாய்தான் வரும்.

குடிசையில் இருந்தபோது எங்களுக்குக் கதவு கிடையாது. மூங்கில் தட்டிதான். அதை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வர ஒரு செவலை நாய் பழகியிருந்தது. யார் வீட்டு நாய் என்று தெரியாது. என் பெண்சாதி கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாள் அதற்கு எப்படியோ தெரிந்துவிடும். சட்டியைக் கவிழ்க்காது, உடைக்காது. மூடியை மூக்கால் தள்ளிவிட்டு, கருவாட்டை மட்டும் தின்றுவிட்டு, கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டுப் போகும். அந்தக் கத்தரிக்காய்தான் அவளுக்குக் கோபம். நாய்க்கு வேண்டாததை நமக்கு விட்டுவைத்திருக்கிறதாம்.

அதனால் வீடு கட்டுகிறோம் என்றபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இழுத்தால் இடைவெளி இல்லாமல் சாத்துகிற கதவு. ஓடு ஒழுகினாலும் பரவாயில்லை, கதவு சாத்த வேண்டும். ஆசாரியிடம் அவளே போய்ப் பலா மரத்தில் கதவு சொன்னாள். அவர் இழைக்க இழைக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசக்கால் நிறுத்துகிற அன்று கொத்தனார், அடியில் வைக்கப் பொன் கொஞ்சம், வெள்ளி கொஞ்சம், நவதானியம் எல்லாம் மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவரச் சொன்னார். பொன்னுக்குக் குழந்தைக் காதணியின் உடைந்த திருகாணி இருந்தது. வெள்ளிக்கு எங்கே போவது என்று யோசித்தபோது என் பெண்சாதி டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய ரூபாயை எடுத்தாள். அவளுடைய அப்பா வைத்திருந்த வெள்ளைக்கார ராஜா காசு. என் மாமனாருக்குப் பேசும்போது கைக்கு ஏதாவது வேலை வேண்டும். இடுப்பிலிருந்து அந்தக் காசை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே பேசுவார். அவர் பேசத் தொடங்கினால் முடிக்கமாட்டார். ஆகவே காசும் நன்றாகத் தேய்ந்திருந்தது. பழையது, வெள்ளையாக இருக்கிறது, ராஜா தலை போட்டிருக்கிறது, அப்படியானால் வெள்ளிதான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். துணியில் முடிந்து வாசக்காலின் வலது காலுக்கு அடியில் வைத்தாயிற்று. மேலே மண் போட்டாயிற்று.

சுவர் ஏறி, ஓடு வேய்ந்து, கதவும் மாட்டினார்கள். ஒற்றை விரலால் தள்ளினால் போய் அழகாக உட்காரும். தாழ்ப்பாள் ஒன்றுதான் பாக்கி. அதை வாங்க நான் வாலாஜாபாத் சந்தைக்குப் போனேன். போன இடத்தில் வந்ததுதான் வினை.

சந்தையில் ஒரு பாய், குடையை விரித்து அதன்கீழ் கம்பளத்தில் பழைய காசுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு சிறிய காந்தம். காசை எடுப்பார், காந்தத்தில் வைப்பார், ஒட்டுகிறதா பார்ப்பார். வேலையில்லாதவன் போல நான் நின்று பார்த்தேன். ராஜா தலை போட்ட ஒரு ரூபாயை அவர் காந்தத்தில் வைத்தார். லபக்கென்று ஒட்டிக்கொண்டது. இது இரும்பா என்று கேட்டேன். இல்லை, நிக்கல் என்றார். கடைசி கடைசியாக வெள்ளைக்காரன் வெள்ளியை நிறுத்திவிட்டு நிக்கலில் அடித்த ரூபாயாம். திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ஒரு புலி நடந்துபோய்க்கொண்டிருந்தது.

"தோ பாரு அண்ணாத்த, மீசை மொதக்கொண்டு தெரியுது. இந்த மாதிரி புலி இருந்தா எட்த்துக்கினு வா. ஒரு ஜோடி ஆட்டு வெல தர்றேன்" என்றார்.

தாழ்ப்பாள் வாங்கினேனா என்பதே எனக்கு ஞாபகமில்லை. வாங்கியிருக்கிறேன், பையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கூடத்தில் பெரிய விவாதம். என் மச்சான், அதாவது பெண்சாதியின் தம்பி, அன்றைக்கு அங்கே இருந்தான். மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். எந்த விஷயத்தையும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவான். மாமனாரின் காசில் பின்பக்கம் என்ன இருந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. புலிதான் என்று மச்சான் சத்தியம் செய்தான். அவன் அக்கா சிங்கம் என்றாள். எனக்கென்னவோ, உள்ளதைச் சொன்னால், நன்றாகத் தின்ற பூனை மாதிரி ஒரு ஞாபகம். நான்கு கால் இருந்தது என்பதில் மட்டும் மூவரும் ஒத்துப்போனோம். காசில் போட்டிருந்த வருஷம் என்ன என்று மச்சான் என்னைக் கேட்டான். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவனிடம் கேட்டால் என்ன செய்வது. எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் பஸ் போர்டில் இருப்பவைதான்.

வாசக்காலைத் தொடவே கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். அப்போதுதான் மச்சான் வேறு வழியில் வந்தான். அப்பா காசில் இருப்பது புலி, அப்படியானால் அது வெள்ளி இல்லை, நிக்கல். வெள்ளி என்று சொல்லி நிலத்துக்கு நிக்கலைக் கொடுத்திருக்கிறோம். தெய்வத்தை ஏமாற்றி வைத்த வாசக்கால் எத்தனை நாள் நிற்கும்? அந்தக் காசை எடுத்துவிட்டு நிஜ வெள்ளி வைப்பதுதான் முறை என்றான். இதைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. சற்று நேரம் கதவையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, கால் மெட்டி ஒன்றைக் கழற்றிப் பலகைமேல் வைத்தாள்.

"எட்த்துட்டு இத்த வை. ஆனா ஒண்ணு. என் கதவு இப்ப சாத்துற மாதிரியே அப்பறமும் சாத்தணும். இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் வாசப்படியில குறுக்கப் பட்த்துக்கணும், நாய் வராம."

"யக்கா, ஒரு ஓட்டை போதும். தோண்டவே வேணாம், காந்தம் கீது இல்ல?" என்றான் மச்சான்.

காந்தம் இருந்தது. மாரியம்மன் திருவிழாவில் கிழிந்துபோன பெரிய ஸ்பீக்கரின் பின்னால் இருந்து பிரித்தெடுத்த வட்டக் காந்தம், ஆப்பச்சட்டி மூடி அளவு. வீட்டுக்குள் எடுத்து வரும்போதே சமையலறையிலிருந்த கரண்டி போய் ஒட்டிக்கொண்டது. அந்தக் கரண்டியைப் பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பட்டப்பகலில், வாசலிலேயே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம். கடப்பாரையால் ஓரத்தில் சிறிய துளை போட்டு, காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கிணற்றில் வாளி விடுகிற மாதிரி இறக்கினோம். அது துளைக்குள் போகவில்லை. துளையைப் பெரிதாக்கினோம். போயிற்று. முதலில் ஆணிகள் வந்தன. பிறகு கம்பி கட்டுகிற துண்டுக் கம்பி, சோடா மூடி, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடில் உடைந்த துண்டு. ஒவ்வொரு முறையும் மச்சான் மேலே இழுக்கும்போது மீன் பிடிக்கிறவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டான். அடுத்து கனமாக ஏதோ வந்தது. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கயிற்றில் தொங்கவிடுகிற, கொத்தனாரின் தூக்குக் குண்டு. இரண்டு மாதமாக அதை நாங்கள்தான் திருடிவிட்டோம் என்று அந்த மனுஷன் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். மண் போட்டு மூடும்போது அவரே உள்ளே போட்டுப் புதைத்திருக்கிறார். மச்சான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே டீக்கடைக்கு ஓடப் பார்த்தான். காசை எடுத்த பிறகு போகலாம் என்று சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

மஞ்சள் துணியைக் கரையான் அரித்திருந்தது, நவதானியத்தை எறும்பு தின்று தீர்த்திருந்தது. தின்ற எறும்பெல்லாம் இப்போது மச்சானின் முழங்கையில் ஏறின. அவன் கையை உதறியபடியே துளையை இன்னும் அகலமாக்கினான். நான் வேண்டாம் என்றேன். அல்லது வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் காந்தத்தில் டக்கென்று ஒரு சத்தம். இழுத்தோம். கறுத்துப்போன வட்டமாக ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. மாமனாரின் காசு.

நாங்கள் அதைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசக்காலின் வலது கால், வயதானவர் பெஞ்சில் உட்கார்கிற மாதிரி, மெதுவாக முனகிக்கொண்டே கீழே இறங்கியது. ஒரு விரல் கனம் இருக்கும், அவ்வளவுதான். என் பெண்சாதி உள்ளேயிருந்து வந்து கதவை இழுத்தாள். முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. தள்ளினாள், இழுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். அந்த இடைவெளி அப்படியே இருந்தது. அவள் மெட்டியை எடுத்து மறுபடி விரலில் போட்டுக்கொண்டாள். அது திட்டுவதைவிட மோசம். அன்றைக்குச் சாயங்காலமே செவலை நாய் வந்து இடைவெளியில் தலையை நுழைத்துப் புது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

இரண்டு ஆட்டு விலை வந்தால் ஆசாரியை வைத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று மச்சான் என்னைத் தேற்றினான். காசு கறுப்பாக இருந்தால் விலை குறைப்பார்கள் என்று எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான். போதவில்லை என்று செங்கல் தூளில் தேய்த்தான். அவனுக்கு எதிலும் பாதியில் நிறுத்துகிற பழக்கம் இல்லை. அடுத்த சந்தைக்குப் போகும்போது காசு முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி மின்னியது. பஸ்ஸில் அதில் முகம் பார்த்து மச்சான் தலைகூட வாரினான்.

பாய் காசைக் காந்தத்தில் வைத்தார். ஒட்டியது. மச்சான் என்னை இடித்தான். பாய் காசைத் திருப்பினார். வெயிலில் சாய்த்தார். குடைக்கு வெளியே கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னா பாய், புலிதான?" என்றான் மச்சான்.

"புலிதான். வாலு கீது. மீதி எங்க?"

மச்சான் குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். வழவழவென்று ஒரு வெளி. ஒரு ஓரத்தில் கொஞ்சம் வளைந்த கோடு.

"பாதி எங்கப்பா தேச்சாரு" என்றான் மச்சான், குரலைக் குறைத்து. என் கல்யாணத்துக்குப் பிறகு அவன் குரலைக் குறைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மீதிய நீ தேச்சிட்ட. அழுக்கோட எட்த்தாந்து இருந்தாக்கூட மூஞ்சி கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்பா. பழைய காச யாராவது செங்கல்தூளு போட்டு வெளக்குவாங்களா? இது இன்னா குத்துவிளக்கா?"

விலை கேட்டோம். டீ வாங்கித் தருகிறேன் என்றார். நல்ல மனுஷன், பன்னும் சேர்த்து வாங்கித் தந்தார். ஆளுக்கு ஒரு பன்னைத் தின்றுவிட்டு, காசை இடுப்பில் முடிந்துகொண்டு, பஸ்ஸில் திரும்பினோம். தலைவாரக்கூட அவன் காசைக் கேட்கவில்லை.

வீட்டில் ஆசாரி வந்திருந்தார். என் பெண்சாதி நாங்கள் கொண்டுவரப்போகிற ஆட்டு விலைக்குக் காத்திருக்காமல் போய்க் கூட்டிவந்திருந்தாள். கடப்பாரையால் வாசக்காலை நெம்பி, அடியில் சப்பைக் கல் கொடுத்துத் தூக்கினார். கதவு வந்தது, வந்தது, கடைசியில் கொஞ்சம் தட்டியது. இன்னும் மெல்லிசாக ஏதாவது அடியில் கொடுக்க வேண்டும் என்றார். மரச் சீவலை வைத்தார், நசுங்கிவிட்டது. தகரத்தை வைத்தார், வளைந்துவிட்டது. என் சட்டைப்பையிலிருந்த புது ரூபாயை வைத்துப் பார்த்தார். அது கனம் அதிகம், இப்போது கதவு மேலே இடித்தது. அவருக்கு வெறுத்துப்போய், தேய்ந்த காசு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன்.

ஆசாரி மாமனாரின் காசை நெம்பின இடத்தில் தள்ளி, கடப்பாரையை எடுத்தார். என் பெண்சாதியே போய் ஒற்றை விரலால் கதவைத் தள்ளினாள். போய் உட்கார்ந்தது. இடைவெளி இல்லை. திறந்தாள், மறுபடி சாத்தினாள். இப்படியே பலமுறை. ஒருமுறை சாத்தியபோது நாங்கள் மூன்று பேரும் வெளியே இருந்தோம், அவள் உள்ளே. தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது. ஆசாரி தன் உளி உள்ளே இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தாள்.

வெள்ளி வைக்கவில்லையே, நிலத்துக்குச் சொன்ன சொல் என்ன ஆவது என்று மச்சான் ஆரம்பித்தான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் தூக்குக் குண்டை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான்.

வீடு புகுந்து சில மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் பாய் எங்கள் ஊருக்கே சைக்கிளில் வந்தார். காஞ்சிபுரத்தில் ஒருத்தர் புலிக்காசு சேர்க்கிறாராம். மீசை தெரிகிறது, கால் தெரிகிறது, பாதிதான் தெரிகிறது என்று வரிசையாக வைத்திருக்கிறாராம். வால் மட்டும் உள்ளது அவரிடம் இல்லையாம். இரண்டு ஆடு இல்லாவிட்டாலும் ஒரு ஆட்டு விலைக்குக் குறையாது என்றார். நான் வேப்பமரத்தடியில் கட்டிலில் இருந்தேன். என்னால் செய்ய முடிந்தது, கதவைக் காட்டுவது ஒன்றுதான். உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. வாசற்படிக்கு வெளியே செவலை நாய் முன்னங்காலில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது.

பாய் கதவுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். உள்ளேயிருந்து பதில் வந்தது.

"காசு கதவுக்குக் கீழ கீது பாய். எட்த்தா நாய் வரும். கொழம்புக்கு நீ ஜவாப்பு சொல்லுவியா?"

பாய் நாயைப் பார்த்தார். நாயும் எழுந்து உட்கார்ந்து, இவர் ஏதாவது செய்வார் என்று நம்பிக்கையோடு அவரைப் பார்த்தது. அவர் சிரித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். அவள் சொம்போடு வெளியே வந்தாள். வந்ததும் முதலில், ஒரு கையால், கதவைச் சாத்தினாள். பிறகுதான் சொம்பை நீட்டினாள்.